எக்கோல ஒன்னும் இல்லன்னு வந்துட்டா இதய வால்வுல இன்ஃபெக்ஷன் இல்லன்னு ஆயிடுமா?

நீங்க எழுதினதுல நான் புரிஞ்சுகிட்டதை முதல்ல சொல்லிடறேன், தப்பா இருந்தா திருத்துங்க. அக்காவுக்கு 38 வயசு, சின்ன வயசுல ருமாட்டிக் காய்ச்சல் வந்து மைட்ரல் வால்வுல (இதயத்தோட இடது மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவுல இருக்கறது) கசிவு, மூணு வாரமா சாயங்காலம் ஆனா காய்ச்சல், வீட்டு பக்கத்து கிளினிக்ல வைடல்ங்கற டைஃபாய்டு ரத்த டெஸ்ட் பாசிட்டிவ்னு சொல்லி டைஃபாய்டுக்கு அஞ்சு நாள் ஊசி போட்டாங்க, காய்ச்சல் விட்டுச்சு, ஊசி முடிஞ்சு நாலாம் நாள் திரும்ப வந்துச்சு, இப்ப பெரிய ஆஸ்பத்திரில சேத்திருக்கீங்க, நெஞ்சு மேல வச்சு எடுத்த எக்கோல வெஜிடேஷன், அதாவது வால்வுல ஒட்டற கிருமிக் கொத்து, தெரியல, ரத்தத்தை பாட்டில்ல விட்டு கிருமி வளருதான்னு பாக்கற பிளட் கல்ச்சர்லயும் எதுவும் வளரல. அப்படி இருந்தும் தொண்டை வழியா குழாய் விட்டு எடுக்கற டி.இ.இ. எக்கோ பண்ணணும், கல்ச்சர் மறுபடி எடுக்கணும்ங்கறாங்க, இது தேவையா இல்ல பில்லு ஏத்தறாங்களான்னு கேக்கறீங்க. பாத்தா டெஸ்ட் பத்தின கேள்வி மாதிரி இருக்கு, ஆனா நீங்க உண்மைல கேக்கறது ரெண்டு ரிப்போர்ட்லயும் ‘இல்ல’ன்னு வந்தப்புறம் அந்த ‘இல்ல’வை எவ்வளவு தூரம் நம்பலாம்ங்கறது.

நம்ப வேண்டாம், இப்போதைக்கு. அதுக்காக அக்காவுக்கு எண்டோகார்டைட்டிஸ், அதாவது இதய வால்வுல இன்ஃபெக்ஷன், இருக்குன்னு நான் சொல்லல, இருக்கா இல்லையான்னு இங்க உக்காந்துகிட்டு யாராலயும் சொல்ல முடியாது. ஆனா அந்த டாக்டருங்க விடாம இருக்கறது சரியான காரியம்னு மட்டும் உறுதியா சொல்வேன். நான் கார்டியாலஜிஸ்ட் இல்ல, மைக்ரோபயாலஜி. மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி லேப்ல பிளட் கல்ச்சர் பாட்டில் வந்து சேர்ற மேஜைல பல வருஷம் வேலை பாத்தவன். அதனால பாட்டில் பத்தி பேசறப்ப கொஞ்சம் அழுத்திப் பேசுவேன், எக்கோ பத்தி பேசறப்ப கார்டியாலஜி ஆளுங்க கூட உக்காந்து கேஸ் பேசினதுல தெரிஞ்சுகிட்டதை சொல்றேன், அந்த வித்தியாசத்தை மனசுல வச்சுகிட்டு படிங்க.

முதல்ல இது ஏன் இப்படி ஒளிஞ்சுக்குதுன்னு தெரிஞ்சா மத்ததெல்லாம் புரியும். நல்ல வால்வு வழவழன்னு இருக்கும், கிருமி சுலபத்துல ஒட்டாது. ருமாட்டிக்ல தடிச்சு சுருங்கின வால்வு, பிறவிலயே மூணு இதழுக்கு பதிலா ரெண்டு இதழோட இருக்கற அயோர்ட்டிக் வால்வு, ஆபரேஷன் பண்ணி வச்ச செயற்கை வால்வு, இதுலெல்லாம் ரத்தம் சீரா போகாது. பாதி அடைச்ச மதகுல தண்ணி பீச்சி அடிக்கறப்ப பக்கத்துல சுழி போடற இடத்துலதான் குப்பை ஒதுங்கும் பாருங்க, அதே கதைதான், மைட்ரல் கசிஞ்சா மேல் அறை பக்கத்துலயும் அயோர்ட்டிக் கசிஞ்சா கீழ் அறை பக்கத்துலயும் ரத்தத்தை உறைய வைக்கற பிளேட்லெட்டும் ஃபைப்ரினும் மெல்லிசா படியும். பல் ஈறுலேர்ந்தோ தோல்லேர்ந்தோ டயாலிசிஸ் குழாய்லேர்ந்தோ ரத்தத்துல கலந்த கிருமி அந்தப் படிவத்துல போய் ஒட்டி, மேல மேல கட்டி வளந்து ஒரு கொத்தா ஆகும், அதுக்குப் பேர்தான் வெஜிடேஷன். வால்வு இதழுக்குள்ள ரத்தக்குழாய் கிடையாதுன்னே சொல்லலாம், அதனால வெள்ளை அணுக்கள் உள்ள போய் சண்டை போட வழி இல்ல, மருந்தும் ஊறி ஊறித்தான் உள்ள போகணும், அதுக்குத்தான் 4லேர்ந்து 6 வாரம் நரம்பு ஊசி. இன்னொரு பக்கம் அந்தக் கொத்து நாள் முழுக்க கொஞ்சம் கொஞ்சமா கிருமியை ரத்தத்துல விட்டுகிட்டே இருக்கும், சில சமயம் துண்டு உடைஞ்சு மூளைக்கோ மண்ணீரலுக்கோ கிட்னிக்கோ போய் அடைக்கும். நோய் இருக்கறது இதயத்துல, ஆனா ஆள் வந்து நிக்கறது நியூராலஜி வார்டுல பக்கவாதத்தோடயோ, நெஃப்ராலஜில மூத்திரத்துல ரத்தத்தோடயோ, எலும்பு டாக்டர்கிட்ட முதுகுவலியோடயோ.

கண்டுபிடிக்கற அறிகுறிகள்னு எங்க காலத்துல மெடிக்கல் ஸ்டூடண்டுக்கு ஒரு பட்டியல் மனப்பாடம் பண்ண வைப்பாங்க, இப்பவும் வைக்கறாங்க. விரல் நுனில வலியோட சின்ன முடிச்சு வந்தா ஆஸ்லர் நோடு, உள்ளங்கை உள்ளங்கால்ல வலியில்லாத சிவப்புத் திட்டு வந்தா ஜேன்வே, கண்ணுக்குள்ள விழித்திரைல நடுவுல வெளுத்த ரத்தப்புள்ளி வந்தா ராத் ஸ்பாட், நகத்துக்கு அடில முள் குத்தின மாதிரி கோடு வந்தா ஸ்ப்ளின்டர். பரீட்சைக்கு நல்லாத்தான் இருக்கும். ஆனா 2000லேர்ந்து 2005 வரைக்கும் 25 நாடுகள்ல கிட்டத்தட்ட 2800 நோயாளிகளை சேத்து ஒரு பெரிய ஆய்வு நடந்துச்சு, 2009ல வெளிவந்துச்சு, அதுல ஆஸ்லர் நோடு இருந்தது 100ல 3 பேருக்கு, ராத் ஸ்பாட் 2 பேருக்கு, ஜேன்வே 5 பேருக்கு, நகக்கோடு 8 பேருக்கு. காய்ச்சல் மட்டும் 96 பேருக்கு. ஸ்டெதஸ்கோப் வச்சா இதயத்துல புதுசா முணுமுணுப்பு சத்தம் கேட்டது ஏறக்குறைய பாதிப் பேருக்கு. அந்த அழகான அறிகுறிகளுக்காக காத்துகிட்டிருந்தா 100ல 80 பேருக்கு மேல விட்டுடுவோம்னு அர்த்தம். அந்த நகக்கோடும் கொத்து வேலை, தோட்ட வேலை பாக்கறவங்களுக்கு அடிபட்டே வரும், அதை வச்சு பயப்பட வேண்டியதில்ல. வாரக்கணக்குல காய்ச்சல், பசி போய் எடை குறையறது, ராத்திரி வேர்வை, ரத்தசோகை, கூடவே ஏற்கனவே கெட்டுப்போன வால்வு, இந்த சாதாரணக் கூட்டுதான் நெஜத்துல நம்மை எழுப்பி விடணும்.

இருந்தாலும் உங்க கேள்வில கடைசி வரில போற போக்குல ஒன்னு சொல்லியிருக்கீங்க, போன வாரம் வலது கை மோதிர விரல் நுனில பட்டாணியை விட சின்னதா செவந்து, தொட்டா வலிச்சு, ரெண்டு நாள்ல தானா மறைஞ்சுதுன்னு. அதை டாக்டர்கிட்ட சொன்னீங்களான்னு எழுதல. தயவுசெஞ்சு இன்னைக்கே சொல்லுங்க. ஆஸ்லர் நோடு அப்படித்தான் வரும், சில மணி நேரத்துலேர்ந்து சில நாள் இருந்துட்டு தழும்பு இல்லாம போயிடும், ரவுண்ட்ஸ் வர்ற டாக்டர் கண்ணுல படாது. அது அதுதான்னு நான் சொல்ல மாட்டேன், பாக்காம சொல்லக்கூடாது, அரிவாள்மனைல பட்டது, எறும்பு கடிச்சது எதுவா வேணா இருக்கலாம். இனிமே வந்தா உடனே செல்போன்ல நல்ல வெளிச்சத்துல படம் எடுத்து நர்ஸை கூப்பிட்டு காட்டுங்க.

வைடல் பத்தி சொல்லலன்னா எனக்கு தூக்கம் வராது. டைஃபாய்டு நடமாடற ஊர்ல ஒரே ஒரு தடவை எடுத்த வைடல் பாசிட்டிவ்னு வந்தா அதுக்கு மதிப்பு ரொம்பக் கம்மி, முன்னாடி எப்பவோ வந்துபோன டைஃபாய்டுக்கும் பாசிட்டிவ் காட்டும், தடுப்பூசிக்கும் காட்டும், வேற கிருமிக்கும் காட்டும். இதுல விஷயம் என்னன்னா டைஃபாய்டுக்குன்னு போடற செஃப்ட்ரையாக்ஸோன் ஊசி இருக்கே, வாய்ல வாழற ஸ்ட்ரெப்டோகாக்கஸால வர்ற எண்டோகார்டைட்டிஸுக்கும் அதே மருந்துதான், ஆனா அஞ்சு நாள் இல்ல, 4 வாரம். அஞ்சு நாள் போட்டா ரத்தத்துல மிதக்கறது செத்துப்போகும், காய்ச்சல் விடும், ‘பாத்தீங்களா டைஃபாய்டுதான்’னு எல்லாரும் சந்தோஷப்படுவாங்க, கொத்துக்குள்ள இருக்கறது அப்படியே இருக்கும், மருந்து நின்னதும் திரும்ப ஆரம்பிக்கும். உங்க அக்கா கதைல என்னை உறுத்தற இடம் இதுதான். மருந்து போட்டா விட்டு, நிறுத்தினா திரும்பி வர்ற காய்ச்சல், அதுவும் வால்வு கெட்ட ஆளுக்கு. இதே மாதிரி சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவுன்னு டி.பி.க்கு மருந்து ஆரம்பிக்கறதும் நடக்குது, அதுல இருக்கற ரிஃபாம்பிசின் ஸ்டஃபைலோகாக்கஸையும் அடக்கும், அப்புறம் எது எதுக்கு வேலை செஞ்சுதுன்னே தெரியாம கொழம்பிப் போயிடும்.

இப்ப என் மேஜைக்கு வருவோம். கல்ச்சர்ல ஒன்னும் வளரலன்னா நான் முதல்ல கேக்கற கேள்வி எத்தனை பாட்டில், ஒவ்வொன்னுலயும் எத்தனை மில்லி, எப்ப எடுத்தது, அதுக்கு முன்னாடி என்ன மருந்து போச்சு. எண்டோகார்டைட்டிஸ்ல ஒரு மில்லி ரத்தத்துல இருக்கற கிருமி பெரும்பாலும் 100 கூட இருக்காது, பல சமயம் பத்துக்கும் கீழ. பெரியவங்களுக்கு பாட்டிலுக்கு 8லேர்ந்து 10 மில்லி போடணும்னு பாட்டில் மேலயே கோடு போட்டிருக்கும். எங்க லேபுக்கு வர்ற பாட்டில் பாதி 3 மில்லி, 4 மில்லியோட வரும், ரத்தசோகைல இருக்கற பொண்ணுகிட்ட இவ்வளவு ரத்தமான்னு சொந்தக்காரங்க சண்டை, நரம்பு கிடைக்கலன்னு ஹவுஸ் சர்ஜன் அலுப்பு, ராத்திரி ரெண்டு மணி, எல்லாம் புரியுது. ஆனா 3 மில்லில இல்லன்னு வந்தா அது இல்லன்னு ஆகாது. சரியான முறை என்னன்னா வேற வேற கைல குத்தி மூணு செட், ஒவ்வொரு செட்டுக்கும் நடுவுல அரை மணி நேரமாவது இடைவெளி, தோலை நல்லா துடைச்சு காய விட்டு, பாட்டில் மூடியையும் ஸ்பிரிட் வச்சு துடைச்சு எடுக்கணும். ஏற்கனவே போட்டிருக்கற நரம்புக் குழாய்லேர்ந்து உறிஞ்சக் கூடாது, குழாய்ல இருக்கற கிருமி வளந்து ஆளை ஏமாத்தும். குளிர் நடுக்கம் வர்றப்பதான் எடுக்கணும்னு ஒரு நம்பிக்கை வார்டுல இன்னும் இருக்கு, இந்த நோய்க்கு அது தேவையில்ல, கிருமி நாள் முழுக்க கசிஞ்சுகிட்டேதான் இருக்கு, காய்ச்சல் இல்லாத நேரத்துலயும் எடுக்கலாம். மருந்து எதுவும் போடாத ஆளுக்கு இப்படி ஒழுங்கா எடுத்தா முதல் ரெண்டு கல்ச்சர்லயே பத்துல ஒம்பது பேருக்கு மேல பிடிபட்டுடும். முன்னாடியே ஆன்டிபயாடிக் போயிருந்தா பிடிபடற வாய்ப்பு மூணுல ஒரு பங்குக்கு மேல அடி வாங்கும். பாட்டிலுக்குள்ள மருந்தை உறிஞ்சிக்கற ரெசின் குண்டு போட்டு வருது, கொஞ்சம் உதவும், முழுசா இல்ல. நம்ம நாட்டு ஆஸ்பத்திரி தொகுப்புகள்ல கல்ச்சர் நெகட்டிவ் மூணுல ஒரு பங்கு, பாதின்னு வர்றதுக்கு பெரிய காரணம் விசித்திரமான கிருமி இல்ல, கல்ச்சருக்கு முன்னாடி கைல கிடைச்ச மாத்திரை.

ரத்தத்தை வளத்து இந்த நோயைப் பிடிக்கறது புதுசும் இல்ல. 1911ல நியூயார்க்ல குஸ்தாவ் மாலர்ங்கற பெரிய இசையமைப்பாளருக்கு காய்ச்சல் விடாம வந்தப்ப, எமானுவேல் லிப்மன்ங்கற டாக்டரோட குழு ரத்தத்தை எடுத்து கல்ச்சர் போட்டு ஸ்ட்ரெப்டோகாக்கஸை பிடிச்சுட்டாங்க, டயக்னோசிஸ் கச்சிதம், ஆனா குடுக்க மருந்து இல்ல, அந்த மே மாசமே வியன்னால இறந்துட்டார். இன்னைக்கு மருந்து இருக்கு, ஆனா கல்ச்சருக்கு முன்னாடியே அதைப் போட்டுட்டு கிருமி யாருன்னு தெரியாம நிக்கறோம்.

மறுபடி எடுக்கற கல்ச்சர் அதனாலதான். ஊசி நிறுத்தி இப்ப ஒரு வாரத்துக்கு மேல ஆயிடுச்சுன்னா இப்ப எடுக்கறது முதல்ல எடுத்ததை விட நல்ல கல்ச்சர். ஆள் திடமா இருந்தா, மூச்சு வாங்கல, ரத்த அழுத்தம் இறங்கலன்னா, சில நாள் மருந்தே போடாம வச்சு கல்ச்சர் எடுக்கறதும் உண்டு, ‘காய்ச்சல்ல கிடக்கறா, ஒரு ஊசி கூட போடலயே’ன்னு நீங்க கோவப்படாதீங்க, தெரிஞ்சுதான் செய்யறாங்க. ஆள் மோசமா இருந்தா கதை வேற, அப்ப ஒரு மணி நேரத்துக்குள்ள மூணு செட்டையும் எடுத்துட்டு உடனே மருந்தை ஆரம்பிச்சுடுவாங்க. அதுக்கப்புறமும் வளரலன்னா பாட்டில்ல சுலபத்துல வளராத கிருமிங்க இருக்கு, காக்சியெல்லா, பார்ட்டோனெல்லா, புருசெல்லா. இதுக்கெல்லாம் ரத்தத்துல ஆன்டிபாடி பாக்கற டெஸ்ட், சில இடத்துல பி.சி.ஆர். உண்டு. காக்சியெல்லாவும் புருசெல்லாவும் ஆடு மாட்டுலேர்ந்து வர்றது, அதனால வீட்டுல ஆடு மாடு இருக்கா, கன்னு போடறப்ப கை வச்சாங்களா, காய்ச்சாத பால் குடிப்பாங்களான்னு கேட்டா சம்பந்தமில்லாத கேள்வின்னு நினைக்காம உள்ளதைச் சொல்லுங்க.

வளந்தாலும் அப்படியே நம்பிடக்கூடாதுங்கறது இன்னொரு பக்கம். மூணு செட்ல ஒரே ஒரு பாட்டில்ல தோல் மேல வாழற ஸ்டஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் மட்டும் வந்தா அது பெரும்பாலும் ஊசி குத்தறப்ப தோல்லேர்ந்து வந்த அழுக்கு. அதே கிருமி மூணு செட்லயும் வந்தா, அதுவும் செயற்கை வால்வு இருக்கற ஆளுக்கு வந்தா, நெஜம். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் ஒரு பாட்டில்ல வந்தாக்கூட நாங்க உடனே போன் பண்ணுவோம், அது நல்ல வால்வையும் ஒரு வாரத்துல கிழிச்சுடும், மூணு வாரம் மெதுவா இழுக்கற குணம் அதுக்கு கம்மி, அக்கா கதைக்கு வாய் ஸ்ட்ரெப்டோகாக்கஸ், என்டெரோகாக்கஸ் வகைதான் கொஞ்சம் பொருந்துது, அதுவும் ஊகம்தான். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் காலோலைட்டிகஸ்னு ஒன்னு வந்தா பெருங்குடல்ல கட்டி இருக்கான்னு கொலனோஸ்கோப்பி பண்ணச் சொல்வாங்க, ரெண்டுக்கும் தொடர்பு இருக்கறது நல்லா உறுதியான விஷயம்.

எக்கோவுக்கு வரேன். நெஞ்சு மேல வச்சு எடுக்கறது விலா எலும்பு, நுரையீரல், கொழுப்பு எல்லாத்தையும் தாண்டி பாக்கணும். உணவுக்குழாய் இதயத்தோட இடது மேல் அறைக்கு நேர் பின்னாடி ஒட்டிப் போகுது, அங்கேர்ந்து பாத்தா மைட்ரல் வால்வு கண்ணு முன்னாடி இருக்கும். ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2015ல போட்ட வழிகாட்டில சொந்த வால்வுல இருக்கற வெஜிடேஷனை நெஞ்சு எக்கோ சுமார் 70 சதவீதம் பிடிக்கும், டி.இ.இ. 96 சதவீதம் பிடிக்கும்னு போட்டிருக்கு, செயற்கை வால்வா இருந்தா 50ம் 92ம். அதாவது நெஞ்சு எக்கோ பத்துல மூணை விடும். அதுவும் உங்க அக்கா மாதிரி ஏற்கனவே தடிச்சு சுண்ணாம்பு படிஞ்ச ருமாட்டிக் வால்வுல 2, 3 மில்லிமீட்டர் கொத்து ஒட்டியிருந்தா பழைய தடிப்பா புது கொத்தான்னு பிரிக்கறது அனுபவஸ்தருக்கே கஷ்டம்னு கார்டியாலஜி நண்பர்கள் சொல்வாங்க. வால்வு நல்லா தெரியுது, சந்தேகமும் கம்மின்னா நெஞ்சு எக்கோவோட நிறுத்திக்கலாம், ஆனா சந்தேகம் பலமா இருக்கறப்ப அது போதாது. டி.இ.இ.யே நெகட்டிவ்னு வந்தாலும் சந்தேகம் போகலன்னா 5லேர்ந்து 7 நாள் கழிச்சு திரும்ப பாக்கணும்னு அதே வழிகாட்டி சொல்லுது, அதனால ரெண்டாவது தடவை கேட்டாலும் அதிர்ச்சி ஆகாதீங்க. டெஸ்ட் பயப்படற அளவுக்கு இல்ல, 4லேர்ந்து 6 மணி நேரம் வெறும் வயிறு, தொண்டைல மரத்துப்போற ஸ்பிரே, லேசா மயக்க ஊசி, பெரும்பாலும் அரை மணிக்குள்ள முடிஞ்சிடும். உணவுக்குழாய்ல ஓட்டை விழற மாதிரி பெரிய ஆபத்து பத்தாயிரத்துல ஒன்னு ரெண்டு அளவுலதான், ஆனா விழுங்கறப்ப சிக்கற தொந்தரவு இருந்தா, ரத்த வாந்தி எடுத்த வரலாறு இருந்தா முன்னாடியே சொல்லிடணும். பில்லுதான் கவலைன்னா, கார்டியாலஜி துறை இருக்கற பெரிய அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிகள்லயும் இதைப் பண்றாங்க, மாத்தி விடச் சொல்லிக் கேக்கறதுல தப்பில்ல. எக்கோல ஏதோ ஆடுதுன்னு தெரிஞ்சாலும் அது கிருமிக் கொத்துதான்னு இல்ல, எதிர்ப்பு சக்தி சொந்த உடம்பையே தாக்கற லூபஸ்லயும் புற்றுநோய்லயும் கிருமி இல்லாத கொத்து வரும், அறுந்துபோன வால்வு நாரும் ஆடும், அதனாலதான் கல்ச்சர் கூட சேத்துப் பாக்கறது. சி.டி., பெட் ஸ்கேன் எல்லாம் பெரும்பாலும் செயற்கை வால்வுக்காரங்களுக்கும், வால்வைச் சுத்தி சீழ் கட்டியிருக்கான்னு பாக்கவும்தான், இப்போதைக்கு அக்காவுக்கு அந்தப் பேச்சே வரல.

இதையெல்லாம் சேத்து ஒரு கணக்கு போடறதுக்கு அமெரிக்காவுல டியூக் பல்கலைக்கழகத்துல 1994ல ஒரு அளவுகோல் கொண்டு வந்தாங்க, 2000லயும் 2023லயும் திருத்தினாங்க, உங்க கேஸ் ஷீட்ல டியூக் கிரைட்டீரியான்னு எழுதியிருப்பாங்க. நோயாளி பக்கத்துலேர்ந்து பாத்தா பெரிய அடையாளம்னு முக்கியமா ரெண்டு, கல்ச்சர்ல பொருத்தமான கிருமி, படத்துல வால்வு பாதிப்பு. சின்ன அடையாளம்னு சில, ஏற்கனவே கெட்ட வால்வு, 38 டிகிரிக்கு மேல காய்ச்சல், துண்டு உடைஞ்சு போய் அடைச்ச தடயம், ஆஸ்லர் நோடு, ரத்தத்துல ருமட்டாய்டு ஃபேக்டர்ங்கற ஆன்டிபாடி பாசிட்டிவ், கிட்னி அழற்சி மாதிரி எதிர்ப்பு சக்தியால வர்றது, இப்படி. ரெண்டு பெருசு இருந்தா நிச்சயம், ஒரு பெருசும் மூணு சின்னதும் இருந்தா நிச்சயம், அஞ்சு சின்னது இருந்தாலும் நிச்சயம். ஒரு பெருசு ஒரு சின்னதோ, மூணு சின்னதோ இருந்தா ‘இருக்கலாம்’. அக்காவுக்கு இப்ப கைல இருக்கறது ரெண்டு சின்னது, வால்வும் காய்ச்சலும். விரல் நுனி முடிச்சு நெஜமா ஆஸ்லர் நோடா இருந்தா மூணு, அப்ப ‘இருக்கலாம்’ல வந்து நிக்குது. நான் அந்த ஒரு வரியை பிடிச்சுகிட்டது இதுக்குத்தான். மூத்திரத்தை மைக்ரோஸ்கோப்ல பாத்தா சிவப்பணு இருக்கா, ருமட்டாய்டு ஃபேக்டர், அழற்சியைக் காட்டற சி.ஆர்.பி., கிட்னிக்கான கிரியேட்டினின் பாத்தாங்களான்னு கேளுங்க, செலவு கம்மி, தகவல் இருக்கு. ஒன்னு சொல்லிடறேன், இந்த அளவுகோல் ஆராய்ச்சிக்காக நோயாளிகளை வகை பிரிக்க வந்தது, படுக்கைல இருக்கற ஒருத்தருக்கு கணக்கு குறையுதுன்னு நோயே இல்லன்னு சொல்ல இது உதவாது, குறிப்பா முன்னாடியே மருந்து போட்ட ஆளுக்கு. அங்க கடைசில அனுபவமுள்ள டாக்டரோட தீர்ப்புதான். அது சில சமயம் தப்பாவும் போகும், ஆறு வாரம் ஊசி போட்டப்புறம் வேற ஏதோன்னு தெரியவந்த கேஸும் உண்டு.

ராத்திரி நேரத்துல நீங்க பக்கத்துல இருக்கறப்ப சிலது வந்தா காலைல ரவுண்ட்ஸ் வரைக்கும் காத்திருக்காதீங்க: திடீர்னு வாய் கோணறது, பேச்சு குளறறது, ஒரு கை கால் தளர்றது, படுத்தா மூச்சு முட்டறது, இடது விலாவுக்கு அடில குத்து வலி, ஒரு கால் சில்லுனு ஆகி வலிக்கறது. அதுவும் பக்கவாதம் மாதிரி வந்தா வேற ஆஸ்பத்திரிக்கு ஓடினாலும் சரி, ‘வால்வுல இன்ஃபெக்ஷன் சந்தேகம் இருக்கு’ங்கறதை முதல் வாக்கியமா சொல்லுங்க, ஏன்னா சாதாரண பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கப் போடற ஊசி இந்த நோய்ல மூளைல ரத்தக்கசிவை கொண்டு வரலாம், போடக்கூடாது.

பல் புடுங்கினதாலதான் வந்துச்சான்னும் கேட்டிருந்தீங்க, ரெண்டு மாசம் முன்னாடி கடவாய்ப் பல் எடுத்தோமேன்னு குற்ற உணர்ச்சியோட எழுதியிருக்கீங்க. சொல்ல முடியாது. பல் புடுங்கறப்ப ரத்தத்துல கிருமி போறது உண்மை, ஆனா ஈறு கெட்டிருந்தா தினம் பல் தேய்க்கறப்பவும் மெல்றப்பவும் கூடத்தான் போகுது. அதனாலதான் அமெரிக்காவுல 2007லேர்ந்து பல் வேலைக்கு முன்னாடி போடற அமாக்சிசிலினை செயற்கை வால்வு, முன்னாடியே எண்டோகார்டைட்டிஸ் வந்தவங்க, சில பிறவி இதயக் கோளாறு மாதிரி ரொம்ப ஆபத்துல இருக்கறவங்களுக்கு மட்டும்னு சுருக்கிட்டாங்க, வெறும் ருமாட்டிக் வால்வு அந்தப் பட்டியல்ல இல்ல. நம்ம ஊர் டாக்டருங்க நிறைய பேர் ருமாட்டிக் வால்வுக்கும் குடுக்கறாங்க, ரெண்டு பக்கமும் வாதம் இருக்கு, தீர்ந்துபோன விஷயம் இல்ல. தீர்ந்துபோன விஷயம், வாயை சுத்தமா வச்சுக்கணும்ங்கறது. இன்னொன்னு, அக்கா மூணு வாரத்துக்கு ஒருதரம் போட்டுக்கற பென்சிலின் ஊசி ருமாட்டிக் காய்ச்சல் திரும்ப வராம இருக்கத்தான், அது எண்டோகார்டைட்டிஸை தடுக்காது, ‘ஊசிதான் போட்டுக்கறாளே அப்புறம் எப்படி’ன்னு நீங்க கேட்டதுக்கு பதில் இதுதான். அதுக்காக அதை நிறுத்திடாதீங்க, ஆனா அடுத்த ஊசி தேதி கல்ச்சர் எடுக்கற நாளுக்கு முன்னாடி வந்தா டாக்டர்கிட்ட கேட்டுட்டு போடுங்க.

நாளைக்கு போறப்ப கிளினிக்ல போட்ட ஊசியோட சீட்டு, பேரும் தேதியும் தெரியற மாதிரி, எடுத்துட்டு போங்க, அவங்களுக்கு இப்ப ரொம்ப தேவைப்படறது அந்தக் காகிதம்தான். வீட்டுல மிச்சம் இருக்கற ஆன்டிபயாடிக் மாத்திரை எதையும் யார் சொன்னாலும் இப்ப குடுக்காதீங்க, காய்ச்சலுக்கு பாராசிட்டமால் போதும், அது கல்ச்சரை கெடுக்காது. புது கல்ச்சர் ரிப்போர்ட் வந்தா எத்தனை செட்ல எத்தனை வளந்துச்சு, எத்தனை மணி நேரத்துல மெஷின் காட்டுச்சு, கிருமி பேர் என்னன்னு இங்க போடுங்க, அக்கா பேரும் ஆஸ்பத்திரி நம்பரும் தெரியாம மறைச்சுட்டு. படிச்சு சொல்றேன். மருந்து அளவு மட்டும் என்கிட்ட கேக்காதீங்க, அது அவங்களைப் பாக்கற டாக்டர் முடிவு பண்ண வேண்டியது.